பழைய கசற்றில் இரைச்சலுக்குள் புதைந்த குரலை ஏஐ செயலி முழுதாக மீட்டுத் தருமா?

இரைச்சலைப் பெரும்பாலும் எடுக்கலாம். விடுபட்டுப் போனதை மீட்பது, விடுபட்ட துண்டு எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. உங்களிடம் இருப்பது காலமான ஒருவரின் குரல் என்று ஊகிக்கிறேன். பாட்டுக் கசற்றுக்கு யாரும் இவ்வளவு கவலைப்படுவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இந்த விசயத்தில் எங்கள் குடும்பத்திலேயே ஒரு மனஸ்தாபம் இருக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுக்கிறேன். ஸ்டூடியோ என்று நினைத்துவிடாதீர்கள், பின்னறையில் ஒரு நல்ல கசற் டெக்கும் ஹெட்போனும்தான்.

பெரிய மாமா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து பேசி அனுப்பிய கசற் ஒன்று. அப்போது அங்கே கரன்ட் இல்லை, பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். மாமா ரெக்கோடரையும் அதிலேயே ஓட்டியிருக்கிறார். மூலக் கசற் தொலைந்துவிட்டது. அதிலிருந்து எடுத்த பிரதி ஒன்று எங்களிடம், மற்றது கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் மச்சானிடம்.

குரலுக்குப் பின்னால் ஓர் ஊளை. வீட்டுக் கரன்டில் பதிந்ததென்றால் அது 50 ஹேர்ட்ஸ் உறுமலாக இருக்கும். 50, 100, 150 என்று கத்தரித்தால் முடிந்தது. டைனமோ ஊளை ஓரிடத்தில் நிற்காது. சுற்றுகிறவர் களைத்தால் இறங்கும், உசாரானால் ஏறும். ஆனால் சக்கரத்தின் வேகம் எப்படியோ அப்படித்தான் அதுவும் போகும். எந்த நேரத்தில் எந்த அலைவெண் ஒலிக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் படத்தில் மெல்லிய கோடாக நெளிந்து போவதைக் கண்ணால் காணலாம். அதன் மடங்குகளும் மேலே அதே நெளிவோடு இருக்கும். வடிகட்டியை அந்தக் கோட்டோடு சேர்த்து நகர்த்தினால் குரலில் பெரிதாகக் கைவைக்காமல் ஊளையை எடுத்துவிடலாம். ஓரிடத்தில் கோடு சட்டென்று விழுந்து எழும்பியது. மாமியிடம் கேட்டேன். "அது நான்தான் தம்பி சுத்தினது. கை மாத்தியிருப்பன்" என்றார்.

அடுத்தது நாடாவின் 'ஸ்ஸ்' சத்தம். இரண்டு பிரதிகளையும் நேரம் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சராசரி எடுத்தால் குரல் அப்படியே நிற்கும், ஒவ்வொரு பிரதியும் தனித்தனியே சேர்த்துக்கொண்ட இரைச்சலின் ஆற்றல் பாதியாகும். அதாவது 3 டெசிபல். இரண்டு டெக்கும் ஒரே வேகத்தில் ஓடியிராது என்பதால் துண்டு துண்டாக இழுத்துப் பொருத்த வேண்டும், முதுகு முறியும் வேலை. ஆனால் பெரிய லாபம் வேறு. கொழும்பு ஈரப்பதத்தில் எங்கள் பிரதியில் பூஞ்சணம் பிடித்து அங்கங்கே ஒலி அறுந்திருந்தது. அந்த இடங்களை மச்சானின் பிரதியில் இருந்து எடுத்தேன்.

மூலத்திலேயே இருந்த குறை மட்டும் இரண்டிலும் இருக்கும். அதை எந்தச் சராசரியும் தீர்க்காது. மாமா சொல்கிறார்: "கோயிலடி வளவை சின்னவ…க்கு எழுதிக் குடுங்கோ." நடுவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு செக்கன் இரண்டு பிரதியிலும் வெறும் இரைச்சல். சின்னவன் ஸ்காபரோ மச்சான். சின்னவள் தெஹிவளையில் இருக்கும் மச்சாள்.

மச்சான் ஒரு செயலியில் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினார். கண்ணாடி போலத் தெளிவாக "சின்னவனுக்கு" என்று கேட்டது. அவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை, இதைப் படித்துவிட்டு யாரும் அவருக்கு அனுப்பி வைக்கவும் வேண்டாம். அதே துண்டை நான் இன்னொரு செயலியில் போட்டேன். அது "சின்னவருக்கு" என்றது. அப்படி ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே இல்லை.

ஆண் குரலில் உயிரெழுத்தை இழுக்கும்போது அலை செக்கனுக்குச் சுமார் நூறு தடவை ஏறக்குறைய ஒரே வடிவில் திரும்பும். ஓரிரு சுற்று அறுந்தால் இரண்டு பக்கமும் பார்த்து நேர்மையாகவே நிரப்பலாம். ஐந்தில் ஒரு செக்கன் என்பது முழு அசை. அதில் செயலி வைப்பது, அது பழகிய ஆயிரம் குரல்களில் அந்த இடத்தில் வழக்கமாக வருவதை. மாமா சொன்னதை அல்ல.

இப்போது யாராவது கம்ப்ரெஸ்ட் சென்சிங் என்ற கணித முறையைச் சொல்லி ஆரம்பிப்பீர்கள். தெரியும். கன்டேஸ், ரோம்பெர்க், டாவோ, டொனோஹோ ஆகியோரின் 2006 கட்டுரைகளும் 2007இல் லஸ்டிக் குழு எம்.ஆர்.ஐ.க்கு அதைப் பயன்படுத்தியதும் உண்மை. குறைந்த அளவீடுகளில் இருந்து முழுப் படமே வரும். ஆனால் எம்.ஆர்.ஐ.யில் ஒவ்வோர் அளவீட்டிலும் படம் முழுவதன் தகவலும் கலந்திருக்கும். அளக்காமல் விடுவதையும் ஒழுங்கில்லாமல் சிதறலாகத்தான் விடுவார்கள். கசற்றில் அந்த அசை பதிந்தது அந்த ஓரிடத்தில் மட்டும். அதுவும் மொத்தமாகப் போய்விட்டது.

கொழும்பில் இருக்கிறவன் என்றாலே வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு இலவச ஏஜென்ட். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடு, சாமம் இரண்டு மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நில், மிளகாய்த்தூள் பார்சல் போடு. எல்லாம் செய்தேன், முணுமுணுக்கவில்லை. ஆனால் "நீ ஒரு பட்டனை அமத்தினா முடிஞ்சுது, ஏன் வெட்டியாக் கதைக்கிறாய்" என்று மச்சான் சொன்னது மட்டும் இன்னும் எரிகிறது.

அந்த இடைவெளியை நான் நிரப்பவில்லை. இரைச்சலை அப்படியே விட்டு இருவருக்கும் ஒரே கோப்பை அனுப்பினேன். மச்சான் பேசுவதில்லை. மச்சாளுக்கும் திருப்தியில்லை.

உங்களுக்கு: முதலில் டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்து, அதன் சாய்வைச் சரி பார்த்து, எந்த வடிகட்டியும் போடாமல் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் எதைப் போட்டாலும் அதன் பிரதியைப் போடுங்கள். அதற்கும் முன்னால், அந்தக் கசற்றில் இருந்து யாராவது பிரதி எடுத்தார்களா என்று சொந்தக்காரரிடம் விசாரியுங்கள். மோசமான பிரதியாக இருந்தாலும் வாங்குங்கள்.