தவறான விடையைப் படிப்பது

ஐயா,
அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை போனில் படம் எடுத்தால் போதும், வழிமுறையோடு விடை வந்துவிடுகிறது. பயிற்சி வகுப்புக்குப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய செயலி. எல்லாம் இப்படி மாறும்போது நல்ல ஆசிரியர் எதைத்தான் கற்றுக்கொள்வது?
— ஒரு கணித ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செயலியைத் தேவைப்படும்போது கற்றுக்கொள்ளலாம். பிள்ளைகள் எப்படித் தப்பு செய்கிறார்கள் என்பதைக் கற்கத்தான் ஆண்டுகள் வேண்டும். நல்ல ஆசிரியருக்கு அடையாளமாக நான் பார்ப்பது அதைத்தான்.

உங்கள் வகுப்பின் தசம எண்களையே எடுத்துக்கொள்வோம். 0.45, 0.6, 0.125: எது பெரியது? 0.125 என்னும் பிள்ளை புள்ளியை விட்டுவிட்டு 125ஐப் பார்க்கிறது. 0.6 என்று சொன்னால் உடனே டிக் போட்டுவிடாதீர்கள். 'ஆயிரத்தில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சின்னது, ஆகவே புள்ளிக்குப் பின் இலக்கம் கூடக்கூட எண் சின்னதாகும்' என்று நினைக்கும் பிள்ளையும் 0.6 என்றுதான் சொல்லும். அதனால் கூடவே இன்னொரு கேள்வி: 0.3, 0.47 இரண்டில் எது பெரியது? இங்கே அந்தப் பிள்ளை 0.3 என்னும். முதல் வகைப் பிள்ளையோ தப்பாக யோசித்தே 0.47 என்று சரியாகச் சொல்லிவிடும். இரண்டு கேள்வியும் சேர்ந்தால்தான் யார் எங்கே நிற்கிறார் என்று தெரியும்.

வீட்டுப்பாட நோட்டு இனி இதைக் காட்டாது. வகுப்பின் தொடக்கத்தில் அரைத் தாளில் எழுதி வாங்குங்கள், ஏன் என்று ஒரு வரியும் சேர்த்து. மதிப்பெண் வேண்டாம், போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். முதலாவதில் தவறியவர்கள், இரண்டாவதில் தவறியவர்கள், இரண்டும் சரி என்று தாள்களைப் பிரியுங்கள். இரண்டிலும் தவறியவர்களை அருகில் அழைத்துப் பேசச் சொல்லிக் கேளுங்கள்.

பலரும் 'பூஜ்யம் சேர்த்து 0.450, 0.600 என்று எழுது' என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். விடை சரியாகிவிடும், தப்பான எண்ணம் உள்ளேயே இருக்கும். எண்கோட்டில் குறிக்கச் சொன்னால் திரும்ப எட்டிப்பார்க்கும். முதலில் பத்துக்குப் பத்து கட்டம் வரைந்து நிரப்பட்டும். 0.6க்கு ஆறு முழு வரிசை. 0.45க்கு நான்கு வரிசையும் ஐந்து கட்டமும். 0.125க்குப் பன்னிரண்டரைக் கட்டம்தான் வரும். பூஜ்யம் அதற்குப் பிறகு. 'புள்ளி நாற்பத்தைந்து' என்று நாமே வாசிப்பதும் முதல் வகைத் தவறை வளர்க்கிறது. 'புள்ளி நான்கு ஐந்து' என்று வாசியுங்கள்.

'புரிஞ்சுதா?' என்று கேட்டால் 'புரிஞ்சுது சார்' என்ற கோரஸ்தான் வரும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1960, 70களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

போனை ஒதுக்கவும் வேண்டாம். இதேபோல் இருபது ஜோடி எண்களை அதனிடம் கேட்டு வாங்குங்கள். அதில் 0.2, 0.8 போன்றவற்றை அடித்துவிடுங்கள்: இந்த இரண்டு வகையில் எப்படி யோசித்தாலும் அங்கே விடை சரியாகவே வரும், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது.