தோட்டம் கேள்வி-பதில்: அப்பா வளர்த்த போன்சாய்க்குப் பூங்காவில் ஓர் இடம்

அல்சூர் வாசகி: முப்பது வருஷமாக மொட்டை மாடியில் போன்சாய் வளர்த்த அப்பா சில மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். 14 தொட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் ஆலும், ஆலின் இனமான இச்சியும். மற்றவை புளி, காகிதப்பூ. எங்கள் தெருப் பூங்காவில் அவர் நினைவாக வைக்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தினமும் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், அம்மா. இரண்டங்குல ஆழத் தொட்டி ஏப்ரல் வெயிலில் ஒரே பகலில் காய்ந்துவிடும். தோட்டக்காரர் விடுமுறை எடுக்கும் நாளில் யார் ஊற்றுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அது முடிவாகும்வரை கல்லுக்கும் சுவருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங்க்ளர் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அடர்ந்த இச்சியின் தலை குடைபோல நிற்கும். தண்ணீர் இலையில் பட்டுத் தொட்டிக்கு வெளியே சொட்டும். பெங்களூர்த் தூறலிலும் இதே கதைதான். இலையெல்லாம் நனைந்திருக்கும், விரலை விட்டால் மண் பொடியாக இருக்கும். மழை நாளிலும் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பூவாளியால் அடித்துளை வழியாக நீர் வரும்வரை ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஊற்றுவதே சரியான முறை. போர்வெல் நீரானால் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். மாதம் ஒருமுறை மழைநீரால் மண்ணை நன்றாக அலசிவிடுங்கள்.

லால்பாக், கப்பன் பூங்கா மாநிலத் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பு. தெருப் பூங்காக்கள் பெரும்பாலும் மாநகராட்சியின் பொறுப்பு. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். மரங்கள் யாருக்குச் சொந்தம், நோய் வந்தால் வெளியே எடுத்துப்போகும் உரிமை யாருக்கு என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

காலை வெயில் நாலைந்து மணி நேரம் விழும் இடமாகத் தேர்ந்தெடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடி குளுகுளுவென்று இருந்தாலும் வேண்டாம். நிழலில் கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, பல வருஷம் கிள்ளிக் கிள்ளிக் கொண்டுவந்த வடிவம் ஆறே மாதத்தில் கலைந்துவிடும். மார்ச் முதல் மே வரை மட்டும் 50 சதவீத நிழல்வலை கட்டினால் போதும்.

மேடைக்கு உள்ளூர்ச் சாதரஹள்ளிக் கருங்கல்லே நல்லது. உயரம் 3 அடி; பெரிய மரத்துக்கு 2½ அடி. மேலிருந்து குனிந்து பார்த்தால் போன்சாய் வெறும் தொட்டிச் செடிதான். தண்டின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வந்தால்தான் அது மரமாகத் தெரியும். தொட்டியை நேரே கல்மேல் வைக்காதீர்கள். மதியச் சூட்டைக் கல் வாங்கிக்கொண்டு அடிவேரை வேகவைக்கும், துளையும் அடைபடும். ஓர் அங்குலத் தேக்குச் சட்டம் இரண்டு போட்டு அதன்மேல் வையுங்கள். மரத்துக்கு மரம் 3 அடி இடைவெளியும், பின்னால் படமோ எழுத்தோ இல்லாத சந்தன நிறச் சுவரும் இருக்கட்டும்.

14-ஐயும் ஒன்றாக வைக்க வேண்டாம். ஐந்தை வைத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மற்றவை பின்புறம் பூட்டிய கம்பிவலைக்குள் ஓய்வில் இருக்கட்டும். மழை தொடங்கும் ஜூனில் கொண்டுபோங்கள். அதே மாதம் தொட்டி மாற்றாதீர்கள். இடம் மாறினால் இச்சி இலை கொட்டும், அது இயல்பு. பதறிப்போய்க் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதால்தான் வேர் அழுகி மரம் போகிறது.

ஜெயநகர் வாசகர்: நினைவு போன்சாயில் பெயர்ப் பலகையை எங்கே வைப்பது? திருட்டுக்கு என்ன வழி?

பதில்: பெயர் சுவர்க் கல்லில் இருக்கட்டும், தொட்டியில் வேண்டாம். மரம் பட்டுப்போனால் பெயரோடு சேர்த்து அகற்றும்போது குடும்பத்தார் இரண்டாம் முறை துக்கப்படுவார்கள். மரத்தின் முன் சிறு அட்டையில் இனம், போன்சாயாகப் பழக்கத் தொடங்கிய ஆண்டு, பழக்கியவர் பெயர் மட்டும் போதும்.

வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் யமாகி குடும்பத்தின் வெண்பைன் இருக்கிறது. 1625 முதல் பழக்கப்பட்ட மரம். 1945-ல் ஹிரோஷிமா குண்டுவீச்சுக்குத் தப்பியது; 1976-ல் ஜப்பான் பரிசளித்த 53 மரங்களில் ஒன்றாக அமெரிக்கா போனது. அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பது 2001-ல் மரத்தைக் கொடுத்த யமாகியின் பேரன்மார் பார்க்க வந்தபோதுதான் அங்கே தெரிந்தது. அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தொட்டி மாற்றிய தேதி, வேர் வெட்டிய அளவு, வடிவத்துக்காகக் கம்பி சுற்றியது, எடுத்தது எல்லாம் எழுதிவையுங்கள். ஒவ்வோர் இச்சியிலிருந்தும் பென்சில் பருமனில் அரை அடிப் போத்து (நடுவதற்கு வெட்டும் கிளைத்துண்டு) இரண்டை ஜூனில் நட்டு வளர்த்தால், தாய் மரம் போனாலும் அதே மரத்தின் வாரிசு கையில் இருக்கும்.

திருட்டுக்கு: தொட்டியின் இரண்டு வடிகால் துளைகள் வழியாகத் துருப்பிடிக்காத கம்பியைக் கோத்து, மேடைக் கல்லில் போட்ட துளையில் இறக்கி, அடியில் போல்ட்டோடு இறுக்குங்கள். காற்றுக்கும் இது காவல். இந்தக் கம்பியைத் தண்டில் கட்டாதீர்கள், பட்டையை அறுத்துவிடும்.

சிவாஜிநகர் வாசகி: இச்சி இலை இரண்டாக மடிந்து உள்ளே கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ இருக்கிறது.

பதில்: அது இலைப்பேன் என்ற சிறு பூச்சி. மடிந்த இலைக்குள் மருந்து போகாது. முதலில் அவற்றைக் கிள்ளிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒருமுறை என மூன்று வாரம் தெளியுங்கள்.