அப்பாவின் செங்கண்மாரி: பொறுத்துப் பார்க்க வேண்டாம்

தங்கச்சி, அப்பாவுக்குப் பல வருடமாகச் சதையி (கணைய) அழற்சி, இப்போது கண் மஞ்சளாகி உடம்பெல்லாம் கடிக்கிறது, கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு கிழமை பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பொறுக்காதீர்கள்.

இது கிருமி தொற்றி ஈரலில் வருகிற செங்கண்மாரி மாதிரி இருக்காது. பித்தக்குழாய் சதையியின் தலைப்பகுதி வழியாகத்தான் குடலுக்குப் போகிறது. நாட்பட்ட அழற்சியில் அந்த இடம் தழும்பேறி இறுகிக் குழாயை நெரிக்கும். சில நேரம் நீர்க்கட்டி அழுத்தும். பித்தம் குடலுக்கு இறங்காது. என் மாமாவுக்கு மலம் நனைந்த சாம்பல் போலவும், சிறுநீர் வெறுந்தேத்தண்ணி நிறத்திலும் போனது. நாங்களும் சாறு கொடுத்து இரண்டு கிழமையை வீணாக்கினோம். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

நாளைக்கே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கிளினிக் கொப்பி, ஸ்கான் படங்கள் எல்லாம் கையோடு இருக்கட்டும். சதையித் தலையில் புற்றுநோய் வந்தாலும் இதே அறிகுறிதான், அதனால் ஸ்கான் கட்டாயம். வெறும் வீக்கம் என்றால் அது வற்றும்போது மஞ்சளும் குறையலாம். தழும்பு என்றால் பித்தக்குழாயைத் திறந்து வைக்க அதற்குள் ஸ்டென்ட் என்கிற சிறு குழாய் வைப்பார்கள். பிளாஸ்டிக் ஸ்டென்ட் அடைபடும், சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அந்தத் திகதியைத் தவற விடாதீர்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சைதான் சரிவரும்.

காய்ச்சலோடு நடுக்கம் வந்தால் மட்டும் விடியும்வரை பார்க்க வேண்டாம். பித்தக்குழாயில் கிருமி ஏறியிருக்கலாம், அது உயிருக்கு ஆபத்து. 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.