எங்கே பதிகிறது?

கேள்வி: அமெரிக்காவில் சில மாநிலங்கள் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பள்ளிப் பாடமாக்கிவிட்டன. ‘தொடாதே, விலகிப் போ, பெரியவரிடம் சொல்’ என்று சின்ன வயதிலேயே பதியவைத்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: ‘பதியவைத்துவிட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எங்கே பதிகிறது? நாக்கிலா, கையிலா?

மனப்பாடத்தோடு எனக்குள்ள சண்டை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் பழசு. போன முறை நான் மனப்பாடத்தைக் குறை சொன்னபோது, வாய்ப்பாட்டை மனப்பாடமாகத்தானே படிக்க முடியும் என்று பரிந்து வந்தவர்கள் இதையும் படிக்கட்டும். 2001ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை செய்தார்கள். 8 முதல் 12 வயது வரையுள்ள 64 பையன்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். வெளியே இருப்பவர்கள் மட்டும் உள்ளே பார்க்கக்கூடிய ஒருவழிக் கண்ணாடி. இழுப்பறைகளில் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கிகள், ஒரு நிஜக் கைத்துப்பாக்கி. குண்டு பாயும் அளவுக்கு விசையை அழுத்தினால் வெளியே விளக்கு எரியும்படி அதற்குள் கருவி வைத்திருந்தார்கள். கால் மணி நேரத்துக்குள் 48 பேர் கண்ணில் அது பட்டது. 30 பேர் எடுத்துப் பார்த்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். கண்டவர்களில் பாதிப் பேருக்கு அது பொம்மையா நிஜமா என்றே தெரியவில்லை. தொட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி யாரோ முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பதிந்திருந்தது, ஆனால் நாக்கில்.

நீங்கள் எழுதிய அந்த வரிகளை அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்களின் அமைப்பான தேசிய ரைஃபிள் சங்கம் 1988லிருந்தே ஒரு கார்ட்டூன் கழுகை வைத்துச் சொல்லிக்கொடுத்து வருகிறது. நாலைந்து வயதுப் பிள்ளைகளிடம் 2004ல் சோதித்தபோது வரிகளை அழகாக ஒப்பித்தார்கள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த இடத்தில் துப்பாக்கி கிடந்தபோது ஒப்பித்தது கைகொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி, பின்வாங்கி நடக்கவைத்து, ஓடிப்போய்ச் சொல்லவைத்து, மறுபடி மறுபடி பழக்கிய பிள்ளைகள்தான் தேறினார்கள். தீ விபத்து ஒத்திகை மாதிரி. மணி அடித்ததும் வரிசையாக வெளியேறச் சொல்கிறோமே, ‘தீ சுடும்’ என்று பத்து முறை எழுதச் சொல்வதில்லையே!

டென்னசி மாநிலத்தில் 2025-26 கல்வியாண்டிலிருந்து இந்தப் பாடம் கட்டாயம். நிஜத் துப்பாக்கியும் தோட்டாவும் வகுப்புக்குள் வரக்கூடாது என்று சட்டமே சொல்கிறது, சரிதான். பாடம் இருக்கட்டும், நான் எதிரியில்லை. பாடம் நடத்தியாச்சு என்று வீட்டில் இருப்பவர்கள் கையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோட்டாக்கூட்டைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்கிற பெரியவர்கள் உண்டு. குழலின் அடியில் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். அதை ஆறு வயதுப் பிள்ளை கண்டுபிடித்து ஒதுங்க வேண்டுமாம்! 2020லிருந்து அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்குள் இறப்பவர்களை அதிகம் கொண்டுபோவது துப்பாக்கிதான், வாகன விபத்துகூட இல்லை.

மிச்சிகன் மாநிலத்தில் 2021ல் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயதுப் பையன் 4 மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். 2024ல் அவன் தாய், தந்தை இருவருமே மரணத்துக்குக் காரணமானவர்கள் என்று தனித்தனியே தீர்ப்பானது. அதே ஆண்டு, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டமும் அங்கே நடைமுறைக்கு வந்தது. எனக்குப் பிடித்த பாடத்திட்டம் இதுதான்.

அப்புறம் இன்னொன்று. பிள்ளையை அடுத்த வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது, நாய் கடிக்குமா, வேர்க்கடலை சேருமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். “உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி இருக்கிறதா? சாவி யாரிடம்?” இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். கேட்டுவிட்டு அனுப்புங்கள்.