கொடுவாள் உறைக்கு எந்தத் தோல்?

கேள்வி: காங்கேயம் அருகே சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தேங்காய் பறிப்பவர்களுக்காக நாற்பது கொடுவாள் உறைகள் தைத்துக் கொடுத்தேன். தரகர் ஒருவர் “முதல்தரப் பட்டைத் தோல்” என்று சொல்லித் தந்த தோல் அது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கொடுவாளில் துருப் புள்ளிகள் விழுந்துவிட்டன, உறை தொளதொளத்துவிட்டது, நுனிப் பக்கம் தையல் அறுந்துவிட்டது, ரிவெட்டைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தும் பயனில்லை. இனி எந்தத் தோலை வாங்குவது? பெல்ட்டும், வங்கிக் காவலர் ஒருவர் கேட்டிருக்கும் கைத்துப்பாக்கி உறையும் அதே தோலில் செய்யலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் நான்கு குறைகளும் ஒரே நோயைப் போலத் தெரிந்தாலும் அவற்றுக்குக் காரணங்கள் மூன்று. துருவும் தொளதொளப்பும் தோலால் வந்தவை. தையல் அறுந்தது உறையின் அமைப்பால் வந்தது. பச்சை பூத்தது, மன்னிக்க வேண்டும், உங்கள் தேங்காய் எண்ணெயால் வந்தது.

முதலில் தோலைப் பார்ப்போம். பச்சைத் தோலை அழுகாமல் பதப்படுத்த நம் பக்கத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைப்பது. அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும், இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறும் இதற்குப் பயன்படுகின்றன. மற்றொன்று, குரோமிய உப்பைச் சேர்த்துச் சுழலும் பீப்பாய்க்குள் போட்டு ஓரிரு நாளில் முடிப்பது. குரோம் தோல் மெத்தென்று இருக்கும், மடித்தால் மீண்டுவிடும், செருப்பின் மேல்பாகத்துக்கும் கைப்பைக்கும் அதைவிட நல்ல தோல் கிடையாது. ஆனால் மீண்டுவிடுகிற அந்தக் குணமே உறைக்கு எதிரி: நனைத்து, வார்த்து, காயவைத்தாலும் அது கொடுத்த வடிவத்தில் நிற்காது. அதோடு பதனிடும்போது தோலுக்குள் தங்கிவிடும் உப்புகள் மழைக்காலத்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். பட்டைத் தோலோ ஈரமாக இருக்கும்போது களிமண்ணைப் போல் இணங்கி, காய்ந்தபின் கொடுத்த வடிவத்திலேயே இறுகி நிற்கும். உங்களுக்குத் தரகர் தந்தது குரோம் ஏறிய தோலாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பட்டைத் தோலுக்கு நீங்கள் வெளியூர் தேடிப் போக வேண்டியதே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் குரோமுக்குப் பெயர் பெற்றது போல, ஈரோடும் திண்டுக்கல்லும் திருச்சியும் பட்டைப் பதனீட்டுக்குப் பெயர் பெற்றவை. “ஈ.ஐ. தோல்” (ஈஸ்ட் இந்தியா தோல்) என்று வெள்ளைக்காரர் காலத்திலிருந்து கப்பலேறிய சரக்கு இதுதான், இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும், கடைக்காரர் தரும் பில்லில் “தோல், இத்தனை சதுர அடி” என்று மட்டுமே இருக்கும். எந்த முறையில் பதனிட்டது என்று ஒரு சொல் இருக்காது. முறையாகச் சோதித்து எழுத்தில் வாங்க வேண்டுமானால் சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் துண்டை அனுப்ப வேண்டும். ஆறு சதுர அடி வாங்குகிற பட்டறைக்காரர் அதற்குச் செலவழிப்பாரா? மாட்டார் என்பது தரகருக்கும் தெரியும்.

ஆகவே சோதனையை உங்கள் அடுப்பங்கரையிலேயே செய்துகொள்ளுங்கள். வாங்கும் முன் ஓரத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கேளுங்கள். தர மறுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பட்டைத் தோல் என்றால் சுருண்டு, குறுகி, விறைத்துவிடும். குரோம் தோல் அப்படியே கிடக்கும். தரகர்கள் வழக்கமாகக் காட்டுவது இந்தச் சோதனையை அல்ல. தோலின் வெட்டு வாயைக் காட்டி, “பாருங்க, உள்ள வரைக்கும் பழுப்பு, நீலமே இல்லை” என்பார்கள். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பார். குரோம் தோலின் வெட்டு வாயில் நீலச்சாம்பல் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் சாயத்தை உள்வரை ஏற்றிவிட்டால் அது மறைந்துவிடும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. பட்டையில் பதனிட்ட தோலையே மறுபடி குரோமில் போட்டு எடுப்பதை “செமி குரோம்” என்பார்கள். சில பொருள்களுக்கு அது நல்ல தோலே; பட்டைத் தோல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி. துருப்பிடித்த ஆணிகள் நாலைந்தை வினிகரில் இரண்டு நாள் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைத் தோலின் உட்புறத்தில் விட்டால், பட்டைச் சத்து உள்ள தோல் மை கொட்டியது போல் கறுக்கும். செமி குரோமும் கறுக்கும். ஆணித் தண்ணீர்ச் சோதனையை மட்டும் நம்பியவர் ஏமாறுவது இங்கேதான், நானும் ஏமாந்திருக்கிறேன். தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே, தெரிந்த முகம் என்று நம்பி, கறுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கிய எருமைத் தோல் வெந்நீரில் அசையாமல் கிடந்தது. எனவே ஆணித் தண்ணீரில் கறுக்கவும் வேண்டும், வெந்நீரில் சுருங்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் உறைக்கு ஏற்ற பட்டைத் தோல். தோலைக் கொளுத்திச் சாம்பலைப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள், குரோம் எரிந்தால் உருவாகும் பொருள் உடம்புக்குக் கெடுதி. வெட்டி எறியும் குரோம் துணுக்குகளையும் அடுப்பிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். தோல் கழிவால் ஈரோட்டுக் காளிங்கராயன் வாய்க்கால் இதுவரை பட்டது போதும்.

“எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்”, அதாவது ஏற்றுமதியில் கழித்த சரக்கு, என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் கவனமாக இருங்கள். அதில் பாதி, தோலைப் பிளந்தெடுத்த அடிப்பாகத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டிய சரக்கு. பளபளப்பாக இருக்கும், பெல்ட்டாக வெட்டினால் ஆறு மாதத்தில் மேல்பரப்பு பால் ஆடை போல உரியும். அளவிலும் விளையாட்டு உண்டு. தோலின் பின்புறத்தில் 14³ என்று எழுதியிருந்தால் அது பதினான்கே முக்கால் சதுர அடி, ஏனென்றால் மேலே உள்ள சிறிய எண் கால் அடிகளைக் குறிப்பது. அந்த அளவுக்குள் வயிறும் கால்களும் அடக்கம். உறைக்கும் பெல்ட்டுக்கும் உதவுவது முதுகுப் பகுதி மட்டுமே, ஆகவே முழுத் தோலுக்கு விலை பேசும்போது இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வீடியோக்களில் “எட்டு அவுன்ஸ் தோல்” என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு போய்த் தரகரிடம் அதே சொல்லைச் சொல்லாதீர்கள். அங்கே அவுன்ஸ் என்பது தடிமன், ஓர் அவுன்ஸுக்கு ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். கொடுவாள் உறைக்கு 3 முதல் 3.5 மில்லிமீட்டர் என்று கேளுங்கள். தடிமனை அளக்கக் கையில் ஒரு காலிப்பர் இருக்கட்டும். மாட்டுத் தோலில் அத்தனை தடிமன் கிடைக்காவிட்டால் எருமைத் தோலைப் பாருங்கள், அல்லது மெல்லிய தோல் இரண்டை உட்புறத்தோடு உட்புறம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இனித் தையல். கொடுவாளின் கூர் வளைவின் உட்பக்கம் இருப்பதால், இரண்டு தோல்களை நேராகச் சேர்த்துத் தைத்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் கூர் நூலின் மேலேயே உரசும். இரண்டு தோல்களுக்கும் நடுவே, கூர்ப் பக்கமும் அடிப்பக்கமும், 12 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்றாவதாக ஒரு தோல் பட்டையை வைத்து ஒட்டுங்கள். வெளி விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளித் தைத்தால், கூருக்கும் நூலுக்கும் இடையே 8 மில்லிமீட்டர் தோல் காவலாக நிற்கும். உங்கள் உறைகளில் விட்டுப்போனது இந்த ஒன்றுதான். நடுப்பட்டை கொடுவாளின் முதுகுத் தடிமனைவிட மெல்லியதாக இருக்கக்கூடாது. வளைந்த நுனி நுழையும் அளவுக்கு உறையின் வாயை அகலமாக விட்டு, வாயின் இரு முனைகளிலும் பித்தளை ரிவெட் அடியுங்கள். அடியில் 5 மில்லிமீட்டரில் ஒரு துளை இருந்தால் மழைநீர் வடிந்துவிடும். பருத்தி நூல் மட்கிவிடும், மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல் போதும். இயந்திரத் தையலில் ஓரிடம் அறுந்தால் அடுத்தடுத்துப் பிரியும். இரண்டு ஊசிகளை ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தும் கைத்தையலில் ஓர் இழை அறுந்தாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும்.

தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றிய கொடுவாளை உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் கொடுத்து, நிழலில் உலர்த்துங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயவைத்துவிடலாம் என்று தோன்றும். காயும், பிறகு வெடிக்கும். உலர்ந்தபின் தேன்மெழுகோடு சிறிது ஆமணக்கெண்ணெய் சேர்த்து வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, வெளிப்புறத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். தேங்காய் எண்ணெயை ஊற்ற ஊற்ற தோல் இளகும், பூஞ்சை பிடிக்கும், அதில் உள்ள கொழுப்பு அமிலம் பித்தளையோடு சேர்ந்து நீங்கள் பார்த்த பச்சையைக் கொடுக்கும். அந்தப் பச்சையைத் துணியால் துடைத்தால் போய்விடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எந்தத் தோலாக இருந்தாலும், இரவில் கொடுவாளை உறைக்குள் விட்டு வைக்கக் கூடாது என்று வாங்குபவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

குரோம் தோல் உறையில் எந்த இடத்திலும் கூடாது என்று நான் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு விலக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உறையை இடுப்பு வாரில் தொங்கவிடும் காது இருக்கிறதே, அதற்குக் குரோம் தோல் பட்டைத் தோலைவிட மேலானது. மரம் ஏறுபவரின் இடுப்பில் அந்தக் காது ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை மடங்கி நிமிரும். வியர்வையில் நனைந்து காய்ந்து நனைந்து, பட்டைத் தோல் அந்த மடிப்பில் நாளடைவில் கீறல் விடும், குரோம் விடாது. ஆனால் அந்தக் காது எந்த நிலையிலும் இரும்பைத் தொடக்கூடாது. உறையின் வெளிப்புறத்தில்தான் ரிவெட் அடிக்க வேண்டும், உள்ளே நுழைத்து அடிக்கக் கூடாது. ஒற்றையாக இருந்தால் இழுபடும், ஆகையால் 30 மில்லிமீட்டர் அகலத்தில் இரட்டையாக மடித்துத் தைக்க வேண்டும். வயிற்றுப் பகுதியிலிருந்து வெட்டியதாக இருந்தால் இரட்டையாக இருந்தாலும் இழுபடும். காதுக்கு ஆகும் என்றால் உள் விரிப்புக்கும் ஆகுமே என்று யாராவது கேட்டால், ஆகாது. உள் விரிப்பே ஆகாது, வெல்வெட் துணியாக இருந்தாலும் சரி, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பெல்ட்டுக்கு அதே பட்டைத் தோல், முதுகெலும்பு ஓடும் திசையிலேயே வெட்டியது, 3.5 மில்லிமீட்டர். அளவைக் கால்சட்டை எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். பெல்ட் கேட்பவர் இப்போது கட்டியிருக்கும் பெல்ட்டில் பக்கிள் மடிப்பிலிருந்து பயன்படுத்தும் துளை வரை அளந்து, அதை ஐந்து துளைகளில் நடுத்துளையாக வையுங்கள், துளைக்குத் துளை 2.5 சென்டிமீட்டர். மரம் ஏறும்போது ஆளைத் தாங்கும் பாதுகாப்புப் பட்டையை மட்டும் யார் கேட்டாலும் தோலில் செய்து கொடுக்காதீர்கள். அதற்கு ஐ.எஸ். 3521 என்ற தனி இந்தியத் தரநிலை இருக்கிறது.

துப்பாக்கி உறையை முதல் ஆர்டராக எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எடுத்தால், உரிமம் பெற்றவர் தோட்டாக்களை நீக்கி, உடனிருந்து அளவெடுக்க விட வேண்டும். அவர் நல்ல மனிதர்தான், இரண்டு நாள் பட்டறையில் இருக்கட்டும் என்று வாங்கி வைத்தால், உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்ததாக 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் உங்கள்மேல் பாயும். அந்த அளவுக்கு ஒரு மர அச்சைச் செதுக்கிக்கொண்டு, நனைத்த உறைக்கு அதன்மேல் வடிவம் கொடுங்கள். உறை விசையை முழுவதும் மூட வேண்டும். வாய்ப் பகுதித் தோல் தளர்ந்து உள்ளே மடங்கினால், துப்பாக்கியை உள்ளே தள்ளும்போது அந்த மடிப்பே விசையை அழுத்திவிடும். மெத்தென்ற குரோம் தோல் இங்கே கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

பொள்ளாச்சிக்குக் கொடுத்த நாற்பது உறைகளையும் திரும்ப வாங்கி, நடுப்பட்டை வைத்த பட்டைத் தோல் உறைகளாக மாற்றிக் கொடுங்கள். கை நட்டம்தான், ஆனால் அங்கே ஒரு தோப்பில் நடப்பது மறுநாள் பத்துத் தோப்புக்குத் தெரிந்துவிடும். பழைய உறைகளைப் பிரித்தால் கிடைக்கும் தோலில் அகலமான துண்டுகள் தொங்கல் காதுகளுக்கு உதவும். வெட்டாமல் மிச்சமிருக்கும் தோலையும் அதற்கே வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பணமாவது தேறும் என்று அந்தத் தரகரிடம் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள், அவர் அதை அப்படியே சுருட்டி அடுத்த வாரம் வெள்ளக்கோயிலிலோ தாராபுரத்திலோ இன்னொரு பட்டறைக்கு முதல்தரப் பட்டைத் தோல் என்று விற்பார்.