பழைய டீசல் பிக்கப்: செல்ஃப், சார்ஜ், ஐட்லிங் – கேள்வி பதில்

மெக்கானிக்கல் பம்ப் வச்ச 12 வோல்ட் வண்டிகளுக்கு மட்டும் இந்தப் பதில்கள். ஒரு மல்டிமீட்டர் கையில இருக்கட்டும்.

அண்ணே, ஒட்டன்சத்திரத்துல காய்கறி லோடு அடிக்கிறேன். காலையில சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி புதுசு. செல்ஃப் மோட்டாரை மாத்தச் சொல்றாங்க.

இப்ப மாத்தாதீங்க தம்பி. முதல்ல எர்த்தை, அதாவது பேட்டரி மைனஸ்லேருந்து இன்ஜினுக்குப் போற இணைப்பைப் பாருங்க. மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸோட ஈயக் கம்பத்துல வைங்க. அதுல மாட்டியிருக்கிற கிளாம்ப் மேல வைக்கக் கூடாது. இன்னொரு முனை இன்ஜின் பிளாக்ல, பெயிண்ட் இல்லாத இடத்துல. ஒருத்தரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல காட்டினா கோளாறு எர்த் வழியிலதான். வெளியில பார்த்தா போல்ட் இறுக்கமாத்தான் இருக்கும். கழட்டினா அடியில துருவும் பச்சையும் பூத்திருக்கும். எமரி தாள் போட்டு உலோகம் மின்னுற வரைக்கும் தேய்ச்சு, முடுக்கி, மேல வேசலின் தடவுங்க.

பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃபோட பெரிய போல்ட்டுக்கும் நடுவுலயும் இதே சோதனைதான். ரெண்டு பக்கமும் சரி, செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியும் 10 வோல்ட்டுக்குக் கீழ இறங்கலைன்னா, அப்ப செல்ஃபுக்குக் கரண்ட் விடுற சுவிட்சான சோலினாய்டோட காண்டாக்ட்டையும், செல்ஃபுக்குள்ள இருக்கிற கார்பன் பிரஷ்ஷையும் பிரிச்சுப் பாருங்க.

ரெண்டு நாள் நிறுத்தினா பேட்டரி படுத்துடுது சார்.

சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, மைனஸ் கேபிளைக் கழட்டி நடுவுல ஆம்பியர் மீட்டரை மாட்டுங்க. 0.05 ஆம்பியருக்கு மேல போனா எங்கேயோ இழுக்குது. ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க. எல்லாத்தையும் உருவியும் குறையலைன்னா ஆல்டர்னேட்டரோட (பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ) தடி வயரைக் கழட்டி, நுனியில டேப் சுத்திட்டுப் பாருங்க. அப்ப நின்னுட்டா உள்ள டையோடு போயிருக்கு. மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் தொடவே தொடாதீங்க.

வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டி டைனமோவைச் சோதிக்கலாமா?

கூடவே கூடாது. அந்த நொடியில எகிறுற வோல்ட்டேஜ்ல நல்ல டையோடும் ரெகுலேட்டரும் போயிடும். கொஞ்சம் ரேஸ் கொடுத்து பேட்டரியில அளங்க: 13.8லேருந்து 14.4க்குள்ள இருந்தா சார்ஜ் ஏறுது.

ஐட்லிங் ஏறி ஏறி இறங்குது. ஸ்க்ரூவை முடுக்கி வச்சாலும் மறுபடி அதே கதை.

ஸ்க்ரூவை விடுங்க, முதல்ல பைப்புல காத்து இழுக்குதான்னு பாருங்க. டேங்க்லேருந்து, டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கிறது உறிஞ்சுற பக்கம். அங்க ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும். அதனாலதான் எல்லாரும் ஈரத்தைத் தேடி ஏமாந்து போறாங்க. இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போற ஹோஸுக்குப் பதிலா தற்காலிகமா கண்ணாடி மாதிரி தெரியுற ஹோஸ் போட்டு ஐட்லிங்ல விடுங்க. குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும். பைப் முனையை மாட்டுற, உள்ள துளை இருக்கிற பேன்ஜோ போல்ட்டைக் கழட்டினா காப்பர் வாஷர் புதுசு போடுங்க. பழசைத் திருப்பிப் போட்டு மிச்சம் பிடிக்கிற பத்து ரூபாய்தான் நடுரோட்டுல நிறுத்தும். குமிழி இல்லைன்னா, இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற நாசிலைக் கழட்டி டெஸ்டர்ல ஏத்துங்க. ஸ்ப்ரே முன்னால கையை நீட்டாதீங்க, அந்த அழுத்தத்துல டீசல் தோலைத் துளைச்சுட்டு உள்ள போயிடும்.

பள்ளத்துல இறங்கினா இன்ஜின் சட்டுனு அணையுது. டீசல் பம்ப் வேலைன்னு பெரிய எஸ்டிமேட் கொடுத்திருக்காங்க.

ரோட்டரி வகை டீசல் பம்ப் வச்ச வண்டியா இருந்தா பம்பைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற ஸ்டாப் சோலினாய்டைப் பாருங்க. 12 வோல்ட் இருக்கிற வரைக்கும்தான் அது டீசலை விடும். ஐட்லிங்ல விட்டு அதுக்கு வர்ற வயரை லேசா ஆட்டுங்க. இன்ஜின் திணறினா வயர் நுனியில புது லக் அடிச்சு, வயர் ஆடாம கிளிப் போட்டுக் கட்டுங்க.