பார்வையாளர் சொன்ன நேரமும் வாட்ச் காட்டும் நேரமும்: மென்டலிசம் பழகுபவருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: சில காலமாக மேஜிக்கில், மனத்தைப் படிப்பதுபோல் காட்டும் மென்டலிசம் என்ற வகையைப் பழகி வருகிறேன். பார்வையாளர் தம் விருப்பப்படி சொல்லும் நேரத்தை ஏற்கெனவே காட்டிக்கொண்டிருக்கும் கைக்கடிகாரம் ஒன்றை அண்மையில் வாங்கினேன். கருவி சரியாக வேலை செய்கிறது, கையசைவும் பழகிவிட்டது. ஆனால் முடித்தவுடன் பார்ப்பவர்கள் வியப்பதை விட்டுவிட்டு, “வாட்சில் ஏதோ இருக்கிறது, கொடுங்கள் பார்ப்போம்” என்கிறார்கள். மனத்தைப் படித்ததாக அவர்கள் உணர வேண்டுமானால் நான் எதை மாற்ற வேண்டும்? வாட்சைக் கேட்டால் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் வாட்சை நிகழ்ச்சிக்குள் கொண்டுவரும் தருணத்தை முதலில் மாற்ற வேண்டும். நேரம் சொல்லப்பட்ட பிறகு ஒரு பொருள் வெளியே வந்தால், பார்வையாளருக்குச் சந்தேகப்பட அந்தப் பொருளைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆகவே அவர் நேராக அதன் மேல் கை வைக்கிறார். அதே வாட்ச், நேரம் என்ற பேச்சே எழாத நிலையில் மேசைக்கு வந்து, எல்லோர் கண்ணிலும் பட்டு, பிறகு அவர்கள் கவனத்திலிருந்து விலகியிருந்தால், கடைசியில் அதைப் பார்க்கும்போது அது உங்கள் கருவியாகத் தோன்றாது. தாங்கள் சொல்வதற்கு முன்பே நடந்து முடிந்த ஒன்றின் சாட்சியாகத் தோன்றும். முன்கணிப்பு வித்தையின் வலிமை முழுவதும் இந்த ‘முன்’ என்ற உணர்விலேயே இருக்கிறது.

2009 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் மென்டலிஸ்ட் டெரன் பிரவுன் அந்நாட்டு தேசிய லாட்டரியின் 6 எண்களையும் முன்கூட்டியே அறிந்ததாகத் தொலைக்காட்சியில் நேரலையாக நிகழ்த்திக் காட்டினார். எண்கள் எழுதிய பந்துகள் தொடக்கத்திலிருந்தே மேடையில் ஒரு தாங்கியின் மேல் இருந்தன. ஆனால் எண்கள் தெரியும் பக்கத்தை அவர் குலுக்கல் முடிந்த பின்னரே திருப்பிக் காட்டினார். அவ்வளவு பெரிய கலைஞர் செய்தும், பார்த்தவர்களில் பலர் கேட்ட கேள்வி “முன்னரே ஏன் காட்டவில்லை?” என்பதுதான். அந்தக் கேள்வி உங்கள் பார்வையாளர் மனத்திலும் எழும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான விடையை நிகழ்ச்சியின் முதல் நிமிடத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

இவ்வகைக் கருவிகளின் உள்ளமைப்பை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதை உருவாக்கியவரின் உழைப்புக்கும், பணம் கொடுத்து வாங்கிப் பிழைப்பாக நடத்தும் கலைஞர்களுக்கும் நாம் செலுத்த வேண்டிய மரியாதை அது. எனினும் உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பொறுத்தே நடத்தும் முறை அமையும் என்பதால், பொதுவாக மூன்று வகைகள் உண்டு என்பதை மட்டும் சொல்ல வேண்டும். ஒன்றில் நேரம் முதலிலேயே நிலையாக வைக்கப்பட்டிருக்கும். பார்வையாளர் அந்த நேரத்துக்கு நயமாக அழைத்து வரப்படுகிறார். இரண்டாவது வகையில் பார்வையாளர் உண்மையிலேயே சுதந்திரமாக ஒரு நேரத்தைச் சொல்கிறார். வாட்ச் அதன் பிறகு அந்த நேரத்துக்கு வருகிறது. மூன்றாவதில் பார்வையாளரே வாட்சைக் கவிழ்த்துப் பிடித்து, டயலைப் பார்க்காமல், நேரத்தை மாற்றுவதற்காக வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் திருகைச் சுற்றுகிறார். எழுதி மூடிவைத்த தாளில் உள்ள நேரமும் வாட்சில் நின்ற நேரமும் ஒத்துப்போகின்றன. நீங்கள் எழுதியதிலிருந்து உங்களுடையது இரண்டாவது வகை என்று கொள்கிறேன். அப்படியானால், “வேண்டுமானால் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம்” என்று தாராளமாகச் சொல்லும் வசதி உங்களுக்கு இருக்கிறது. முதல் வகையில் அந்தச் சொல்லைச் சொன்னால் வித்தையே கெட்டுவிடும். ஆனால் அந்த வாய்ப்பை உங்கள் இரகசிய வேலைக்கு முன்பு ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டுவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்வையாளர் உடனே மாற்றிச் சொன்னால் மீள வழியே இல்லை.

இனி தொடக்கம். வாட்சைக் கழற்றி, திருகை வெளியே இழுத்து, “இது இப்போது ஓடவில்லை, நான் வேண்டுமென்றேதான் நிறுத்தியிருக்கிறேன்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லி, டயல் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நின்றுபோன வாட்ச் என்றால் பார்ப்பவர் மனத்தில் ‘பொம்மை வாட்ச்’ என்ற எண்ணம் வரும். திருகை இழுத்தால் முள் நின்றுவிடும் என்பது பெரும்பாலோர் தம் வாட்சிலேயே கண்ட செய்தி என்பதால், இந்த ஒரு வாக்கியம் அந்த எண்ணத்தை முளையிலேயே கிள்ளிவிடும். உங்கள் கருவி இடம் கொடுக்குமானால் வாட்சை ஒரு பார்வையாளரின் உள்ளங்கையில் வைத்து அவர் மறு கையால் மூடச் செய்யுங்கள். இடம் கொடுக்காவிட்டால், ஒரு கண்ணாடிக் குவளைக்கு அடியிலோ திறந்த பெட்டியிலோ, எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். அப்போது “இதில் உங்கள் நேரம் இருக்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள். அறிவிக்கப்பட்ட முன்கணிப்பை எல்லோரும் காவல் காப்பார்கள். பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

நேரத்தைப் பெறும் பகுதிதான் பெரும்பாலோர் அவசரமாகக் கடந்துவிடும் இடம். “ஏதாவது ஒரு நேரம் சொல்லுங்கள்” என்று கேட்டால் கிடைப்பது வெறும் எண். வெறும் எண்ணைச் சரியாகச் சொன்னால் அது கணக்கு வித்தைபோல் தோன்றும். ஒருவருடைய நினைவைச் சரியாகச் சொன்னால்தான் மனத்தைத் தொட்டதாகத் தோன்றும். ஆகவே, வாழ்க்கையில் மகிழ்ச்சியாக நினைவில் நிற்கும் ஒரு தருணத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லி, அது எந்த நேரத்தில் நடந்திருக்கும் என்று நிமிடம்வரை கற்பனை செய்யச் சொல்லுங்கள். ‘மகிழ்ச்சியாக’ என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. அதை விட்டால் சிலர் நெருங்கியவர் இறந்த நேரத்தை நினைத்துக்கொள்வார்கள், அதன் பிறகு அங்கே வித்தைக்கு இடம் இருக்காது. மக்கள் இயல்பாக ஏழேகால், எட்டரை என்று கால் மணிக் கணக்கிலேயே சொல்வார்கள் என்பதால், “ஏழு பதினேழு, ஏழு இருபத்து மூன்று என்பதுபோல் துல்லியமாக” என்று நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டும். சொன்னவர் உங்கள் எடுத்துக்காட்டையே திருப்பிச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 12 மணி நேர டயலில் 720 நிமிடங்கள் உண்டு என்பதை ஓர் இடத்தில் இயல்பாகக் குறிப்பிட்டால் போதும், அதன் அருமை அவர்களுக்குத் தானாகவே புரியும்.

கூட்டம் சற்றுப் பெரியதாக இருந்தால் மணியை ஒருவரும் நிமிடத்தை அவருக்குத் தொடர்பில்லாத இன்னொருவரும் சொல்லட்டும். ஆள் வைத்துச் செய்தார் என்ற ஐயம் இதனால் பெருமளவு குறையும். சொன்ன நேரத்தை ஒரு அட்டையில் பெரிதாக எழுதச் சொல்வதும் அவசியம். பரபரப்பில் சொன்னவரே தாம் சொன்ன நிமிடத்தை மறந்துவிடுவது நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நடக்கிறது.

அடுத்தது உங்கள் இரகசிய வேலையின் கணம். கை பழகிவிட்டது என்கிறீர்கள்; ஆனால் கை வேலை செய்யும்போது உங்கள் வாய் என்ன செய்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று ஒரு காணொளி எடுத்துப் பாருங்கள். பழகுபவர் பலரிடம் ஒரே அடையாளம் தெரியும்: அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் பேச்சு நின்றுவிடும், தோள் இறுகும், பார்வை கைக்குப் போகும். பார்ப்பவருக்கு அப்போது என்ன நடந்தது என்று தெரியாது, ஏதோ நடந்தது என்று மட்டும் தெரியும். “வாட்சில் ஏதோ இருக்கிறது” என்ற சொல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது. 2006-இல் குஸ்டாவ் குன், மைக்கேல் லேண்ட் என்னும் ஆய்வாளர்கள் ஒரு பந்தை மேலே எறிவதுபோல் பாவனை செய்யும் வித்தையை வைத்து ஆய்வு நடத்தினார்கள். வித்தைக்காரரின் பார்வை பந்து போவதுபோல் மேலே சென்றபோது, பந்து உண்மையாகவே மேலே போனதைக் கண்டதாகச் சொன்னவர்கள் அதிகமாயினர். அவர் தம் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மாயை மிகவும் குறைந்தது. நம் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் எங்கே கவனிப்பது என்று முடிவு செய்கிறார்கள். எனவே அந்தக் கணத்தில் சொன்னவரின் கண்ணை நேராகப் பார்த்து, “அந்தத் தருணத்தில் உங்களுடன் யார் இருந்தார்கள்?” என்பதுபோல் அவர் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றைக் கேளுங்கள். அவர் யோசிப்பார், மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள், உங்களுக்கு வேண்டிய அவகாசம் அங்கே கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் உடனே வாட்சைத் திறக்காமல், அந்தப் பதிலைத் தொடர்ந்து இன்னும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருங்கள். செயலுக்கும் விளைவுக்கும் இடையே தூரம் கூடக்கூட, பின்னோக்கி யோசிப்பவருக்கு இரண்டையும் இணைப்பது கடினமாகிறது.

கருவியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும், ஏனெனில் கூர்ந்து பார்ப்பவர் பிடித்துக்கொள்வது இவற்றைத்தான். உண்மையான வாட்சில் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் 30 பாகை நகர்கிறது. அதாவது 4:40 என்றால் அது 4-ஐத் தாண்டி 5-ஐ நோக்கி மூன்றில் இரண்டு பங்கு தூரம் வந்திருக்க வேண்டும். முட்கள் இரண்டும் தனித்தனியே நகரும் கருவிகளில் சின்ன முள் சரியாக 4-இன் மேலேயே நின்றுவிட வாய்ப்புண்டு. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அந்த முகப்பு பொய்யாகப்படும். முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள். விநாடி முள் இருந்தால் அதுவும் அசையாமல் நிற்க வேண்டும். திருகு உள்ளே அழுந்திவிட்டால் வாட்ச் ஓடத் தொடங்கி, நீங்கள் பேசி முடிப்பதற்குள் ஒரு நிமிடம் கூடிவிடும். கையில் மூடிப் பிடிக்கக் கொடுக்கும்போது இது எளிதில் நேரும். காந்தம் பயன்படும் மற்ற சாமான்களுடன் இதை ஒரே பையில் வைக்காதீர்கள். வலுவான காந்தம் குவார்ட்ஸ் வாட்சின் மோட்டாரை நிறுத்திவிடும். தொடக்கத்தில் முட்களை 10:10-இல் வைத்திருப்பதையும் தவிர்க்கலாம், அது விளம்பரப் படங்களில் எல்லோரும் பார்த்துப் பழகிய கோலம்.

வாட்சைத் திருப்பிக் காட்டும்போது நேரத்தை நீங்கள் படிக்காதீர்கள். நேரத்தைச் சொன்னவரும் படிக்க வேண்டாம். அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் குனிந்து பார்த்து உரக்கச் சொல்லட்டும், சொன்னவர் கையிலிருக்கும் அட்டையைத் திருப்பட்டும். அட்டையில் இருப்பதும் காதில் விழுந்ததும் அவர்கள் மனத்தில் சேரும் அந்த விநாடியில் நீங்கள் ஒரு சொல்லும் பேசக் கூடாது. ஒரு நிமிடம் முன்னே பின்னே காட்டினால் மன்னிப்புக் கேட்கவோ கருவியைப் பார்த்து முகம் சுளிக்கவோ வேண்டாம். மனத்தைப் படிப்பதாகச் சொல்லும் வித்தையில் ஒரு நிமிட வேறுபாடு பல நேரங்களில் நம்பகத்தன்மையைக் கூட்டவே செய்கிறது. மேடையில் என்றால் கைக்கடிகாரத்தின் முகப்பு சில வரிசைகளுக்கு மேல் தெரியாது. திரையில் காட்டும் வசதி இல்லாத இடத்தில் இந்த வித்தையைச் சிறு குழுவுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வாட்சைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள். ஆய்வுக்குத் தாங்காத பொருளை ஆய்வுக்கு நீட்டவும் கூடாது, மறுக்க வேண்டிய நிலைக்கு வரவும் கூடாது. படித்து முடித்ததும் வாட்சை வாங்கி, திருகை அழுத்தி, சரியான நேரத்துக்குத் திருப்பி, மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டையில் கையெழுத்திட்டு நினைவுப் பொருளாக அவரிடமே கொடுத்துவிடுங்கள். கவனம் அட்டையோடு போய்விடும். உங்கள் கருவி திருகைத் தொட அனுமதிக்காத அமைப்பாக இருந்தால், அதே தோற்றமுள்ள சாதாரண வாட்ச் ஒன்றை வாங்கி, அட்டையில் கையெழுத்திடும் நேரத்தில் மாற்றி வைத்துக்கொள்ளும் முறையைப் பழகலாம். அப்போது யாராவது கேட்டாலும் தயங்காமல் கழற்றிக் கொடுக்க முடியும். “இன்னொரு முறை செய்யுங்கள்” என்று கேட்டால் எக்காரணம் கொண்டும் அதே வித்தையைச் செய்யாதீர்கள். முதல் முறை எங்கே போகிறது என்று தெரியாமல் பார்த்தவர்கள், இரண்டாம் முறை வாட்சை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். வேறு முறையில் இயங்கும் ஒரு முன்கணிப்பை, எண்ணோ சொல்லோ கொண்ட ஒன்றை, தயாராக வைத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்த வித்தை நன்றாக அமைந்துவிட்டால், நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது ஒருவர் தனியாக வந்து, தம் வேலை எப்போது கிடைக்கும், உடல்நிலை எப்போது சரியாகும் என்று உண்மையான கவலையோடு உங்களிடம் கேட்பார். மேடையில் மர்மமாகப் பேசுவது கலையின் பகுதி. ஆனால் அந்தத் தனிப்பேச்சில், எதிர்காலம் தெரியாது, இது பயிற்சியால் செய்து காட்டும் கலை என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதற்கான சொற்களையும் வித்தைக்கான வசனங்களோடு சேர்த்து இப்போதே எழுதிப் பழகிக்கொள்ளுங்கள், ஏனெனில் கைதட்டலின் நடுவே நின்று அந்தச் சொற்களைத் தேடுவது எளிதல்ல.